எஸ்சி சான்றிதழ் உள்ளவர் ஞானஸ்நானம் எடுத்தால் எதெல்லாம் போகும்? கணக்கு வேண்டும்

குளத்தங்கரை (கேள்வி):

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையின் ஞானஸ்நான வகுப்பில் இருக்கும் ஒரு தம்பிக்காகக் கேட்கிறேன். வயது 24, பி.காம். முடித்தவர். இந்து ஆதிதிராவிடர் என்று சான்றிதழ். மாநில அரசின் குரூப் 4-க்கும் மத்திய அரசின் எஸ்எஸ்சி தேர்வுக்கும் படிக்கிறார். வீட்டில் விசுவாசத்துக்கு வந்தவர் இவர் ஒருவர்தான். இரண்டு மகன்களில் மூத்தவர், கல்யாணம் ஆகவில்லை.

சபையில் ஒரு சாரார், "கர்த்தர் பார்த்துக்கொள்வார், சான்றிதழைப் பற்றியெல்லாம் யோசிக்காதே" என்கிறார்கள். இன்னொரு சாரார் காதோடு காதாக, "ஞானஸ்நானம் எடுத்துக்கொள், சான்றிதழ் பாட்டுக்கு இருக்கட்டும், யாருக்குத் தெரியப்போகிறது?" என்கிறார்கள். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. கோபுரம் கட்டப்போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று லூக்கா 14-இல் ஆண்டவரே சொல்லியிருக்கிறார். அந்தக் கணக்கை அவர் கையில் கொடுத்துவிட்டு முடிவை அவரிடமே விட நினைக்கிறேன்.

வேலை, சொத்து, கல்யாணம், ஊரில் நல்லது கெட்டது, இவற்றில் எது போகும், எது போகாது? சபை செய்ய வேண்டியது என்ன? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சாட்சி வேண்டாம், விவரம்தான் வேண்டும்.

---

தாலுகா_வாசல்:

சட்டத்திலிருந்து தொடங்குகிறேன்.

1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதிகள் ஆணையில் மூன்றாவது பத்திதான் எல்லாவற்றுக்கும் வேர். இந்து மதம் தவிர வேறு மதத்தைப் பின்பற்றுபவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது அது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்றுவரை வெளியேதான். ஆகவே இந்தத் தம்பி கிறிஸ்தவராகும் நாளிலேயே சட்டத்தின் கண்ணில் எஸ்சி அந்தஸ்து நின்றுவிடுகிறது. தாசில்தார் ரத்து செய்யும் வரை செல்லும் என்று நினைப்பது தவறு.

தமிழ்நாட்டில் அவர் அந்தரத்தில் விடப்படுவதில்லை. எஸ்சியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள், எத்தனையாவது தலைமுறையானாலும், மாநிலப் பட்டியலில் பிற்படுத்தப்பட்டோர். எனவே 18 சதவீத எஸ்சி ஒதுக்கீட்டிலிருந்து (அதில் 3 அருந்ததியர் உள்ஒதுக்கீடு) 26.5 சதவீத பிசி ஒதுக்கீட்டுக்குப் போகிறார். சதவீதம் கூடுதல் என்று யாரும் மகிழ வேண்டாம். அங்கே போட்டியிடும் சாதிகளும் ஆட்களும் அதிகம், கட்-ஆஃப் பொதுவாக எஸ்சியைவிட உயரம்தான். தமிழ் வழியில் படித்தவருக்கான 20 சதவீத முன்னுரிமை பிசிக்குள்ளும் உண்டு. அவர் தமிழ் வழி என்றால் அது அப்படியே தொடரும்.

டிஎன்பிஎஸ்சியில் எஸ்சிக்குத் தேர்வுக் கட்டணமே இல்லை, பிசிக்கு மூன்று முறை மட்டும் இலவசம். எந்தெந்தத் தேர்வில் அந்தச் சலுகையைப் பயன்படுத்தினார் என்று இப்போதிருந்தே எழுதி வைக்கட்டும். நாலாவது முறையும் இலவசம் என்று டிக் செய்து விண்ணப்பம் தள்ளுபடியாகிறவர்கள் உண்டு.

மத்திய அரசு வேலை தனிக் கதை. மாநில பிசி பட்டியலும் மத்திய ஓபிசி பட்டியலும் ஒன்றல்ல. தேசிய பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தின் தளத்தில் தமிழ்நாட்டுப் பட்டியலைத் திறந்து, தன் பிரிவு எந்த வாசகத்தில் இருக்கிறது என்று பார்த்து, அதே வாசகத்தில் சான்றிதழ் வாங்க வேண்டும். ஓபிசி என்றால் வயதுத் தளர்வு 5 ஆண்டிலிருந்து 3 ஆகக் குறையும், எஸ்எஸ்சி கட்டணம் கட்ட வேண்டும், கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவு) இல்லை என்ற சான்றும் வேண்டும். யுபிஎஸ்சி குடிமைப் பணித் தேர்வு எண்ணம் இருந்தால், எஸ்சிக்கு வயது வரம்புக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம், ஓபிசிக்கு 9 முறை.

முழுசாகப் போவது இரண்டு. உள்ளாட்சி, சட்டமன்றம், நாடாளுமன்றம் எதிலும் எஸ்சி தனித்தொகுதியில் நிற்க முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் புகார் தரும் தகுதியும் போகும், ஏனென்றால் அந்தச் சட்டம் 'பட்டியல் சாதி' யார் என்பதற்கு அதே 1950 ஆணையைத்தான் நம்பியிருக்கிறது. கிறிஸ்தவராக மாறியவர் அந்தச் சட்டத்தை நாட முடியாது என்று ஆந்திர உயர் நீதிமன்றம் 2025-இல் சொன்னது. இந்த இரண்டாவதைத்தான் ஞானஸ்நான வகுப்புகளில் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. வேலை கிடைக்காமல் போவதைவிட இது பெரிய இழப்பு. சாதியைச் சொல்லித் திட்டுகிறவன் இவர் பைபிளைப் பார்த்துத் திட்டுவதை நிறுத்தப்போவதில்லை.

போகாதது: கிறிஸ்தவ ஆதிதிராவிட மாணவர்களுக்கு மாநில அரசு தன் நிதியிலிருந்து கல்வி உதவித்தொகை தருகிறது. மேலே படிக்க எண்ணமிருந்தால் கல்லூரி அலுவலகத்தில் கேட்கலாம்.

---

மறைக்கல்வி:

தாலுகா_வாசல் சொன்னதோடு ஒன்று. "திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெறாமல் ஜெபத்துக்கு மட்டும் வந்துகொண்டிருந்தால் ஒன்றும் ஆகாது" என்று சிலர் வழி சொல்வார்கள். ஆணையில் இருக்கும் சொல் மதத்தை 'பின்பற்றுவது'. தன் நம்பிக்கையை வெளிப்படையாக அறிவிப்பதே அதற்குப் பொருள் என்று நாகபுரியின் பௌத்த மதமாற்றத்தை ஒட்டிய வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. திருமுழுக்குப் பதிவேடு வலுவான ஆதாரம், ஆனால் ஒரே ஆதாரம் அல்ல. தண்ணீரைத் தள்ளிப்போட்டுச் சட்டத்தைத் தாண்டலாம் என்ற கணக்கு நிற்காது.

காலத்தைப் பற்றி: கத்தோலிக்கத்தில் பெரியவர்களுக்கான ஆயத்தம் ஏறக்குறைய ஓராண்டு, பாஸ்கா திருவிழிப்பு இரவில் (ஈஸ்டருக்கு முந்தைய இரவு) திருமுழுக்கு. சிஎஸ்ஐயிலும் வகுப்பு உண்டு. சில தனிச் சபைகளில் கூட்டத்தில் கை தூக்கியவரை அன்று மாலையே ஆற்றுக்குக் கூட்டிப்போகிறார்கள். ஆற்றிலிருந்து ஏறிவந்த பிறகு சான்றிதழ், தேர்வு, வீடு என்று ஒவ்வொன்றாகத் தெரியவரும்போது, ஏமாற்றப்பட்டதாக நினைத்து விலகிப் போகிறவர்கள் இவர்களில்தான் அதிகம். ஆறு மாதமாவது எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தனிச் சபை என்றால் பதிவேடு இருக்கிறதா, தேதியும் போதகர் கையொப்பமும் உள்ள சான்று தருவார்களா என்று முதலிலேயே கேட்க வேண்டும். பிசி சான்றுக்கு அதுதான் அடிப்படை.

பெயர் மாற்றம் கட்டாயமே இல்லை. பள்ளிச் சான்றில் முருகேசன் என்றிருந்தால் முருகேசனாகவே திருமுழுக்குப் பெறலாம். ஆலயப் பதிவேட்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்று இரண்டு வைத்துக்கொண்டால், கல்யாணப் பதிவிலும் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போதும் இரண்டும் ஒரே ஆள்தானா என்று நிரூபிக்க அலைய வேண்டிவரும். மாற்றியே தீர வேண்டும் என்றால் அரசிதழில் வெளியிட்டு எல்லா ஆவணத்திலும் ஒரேயடியாக மாற்றட்டும்.

---

கரிசல்_தெரு:

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1950 ஆணையே அநியாயம். சீக்கியனுக்கும் பௌத்தனுக்கும் கொடுத்துவிட்டுக் கிறிஸ்தவனுக்கு மட்டும் இல்லை என்பது மதப் பாகுபாடு. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு நாளாக எதற்கு அனுசரிக்கிறோம்? ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இலேயே அந்தப் பத்தியை நீக்கச் சொன்னது. 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றமே தீர்மானம் போட்டது. மதம் மாறியும் சாதி மாறவில்லை, சேரி மாறவில்லை, குடிக்கிற தண்ணீர்க் குழாய் மாறவில்லை. அநியாயமான ஒரு சட்டத்துக்காக ஏழைப் பையன் ஏன் தன் வேலையைப் பலி கொடுக்க வேண்டும்? சான்றிதழ் அவன் பிறப்பைச் சொல்கிறது. பிறப்பு பொய்யா?

---

தாலுகா_வாசல்:

கரிசல் அண்ணே, ஆணை அநியாயம் என்பதில் உங்களோடு நூற்றுக்கு நூறு நிற்கிறேன். 1985 சூசை வழக்கை நினைத்துப் பாருங்கள். சென்னையில் ரோட்டோரம் செருப்புத் தைத்தவர். பக்கத்தில் உட்கார்ந்து அதே வேலை செய்த இந்து ஆதிதிராவிடர்களுக்கு இலவசப் பெட்டிக்கடை தந்தார்கள், இவர் கிறிஸ்தவர் என்று இவருக்கு மட்டும் இல்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே அளவு சாதிக் கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று தள்ளிவிட்டார்கள். அந்த ஆதாரத்தைத் திரட்டி வைக்கும் வேலை இன்னும் நம் தலையில்தான் இருக்கிறது. 2022-இல் போட்ட கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையமும் அதே கேள்விக்காகத்தான்.

ஆனால் போராடுவது வேறு, படிவத்தில் 'இந்து' என்று டிக் அடிப்பது வேறு. 2024 நவம்பரில் வந்த புதுச்சேரி வழக்கைப் பாருங்கள். திருமுழுக்குப் பெற்று ஆலயத்துக்குப் போய்வந்த ஒரு பெண், எழுத்தர் வேலைக்காக எஸ்சி சான்று கேட்டார். நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மட்டும் மதத்தைச் சொல்வது அரசியலமைப்பின் மீதான மோசடி என்று உச்ச நீதிமன்றம் எழுதிவிட்டது. 2017-இல் வந்த தீர்ப்பு இன்னும் கடுமை. பொய்ச் சாதிச் சான்றால் கிடைத்த வேலை, எத்தனை ஆண்டு சர்வீஸ் ஆகியிருந்தாலும் நிலைக்காது என்றது.

நடைமுறையில் இது வெளியே வரும் வழி மொட்டைக் கடிதம். பணியில் சேர்ந்து பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து, பதவி உயர்வு வரும் நேரத்தில், போட்டியில் இருக்கும் ஒருவரோ பங்காளியோ ஆலயக் கல்யாணப் பத்திரிகையின் நகலை இணைத்து அனுப்புவார். மாவட்ட விழிப்புக் குழு விசாரிக்கும். பதிவேட்டில் தேதி இருக்கும். அப்போது வீட்டுக் கடனும் பிள்ளைகள் படிப்பும் நடுவில் நிற்கும். அதுவரை ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர் ஆலயத்துக்குப் போவதும், வீட்டுச் சுவரில் வசனக் காலண்டர் மாட்டப் பயப்படுவதும் தனி. வேலையைக் காப்பாற்ற விசுவாசத்தை ஒளித்துவைத்து, கடைசியில் இரண்டும் கையைவிட்டுப் போகிற வழி இது.

ஏற்கெனவே எஸ்சி ஒதுக்கீட்டில் வேலையில் இருப்பவர் பிறகு மதம் மாறினால்? இந்துவாக இருந்தபோது நியாயமாகப் பெற்ற பணி பொய்ச் சான்றில் பெற்ற பணி ஆகாது. ஆனால் மத மாற்றத்தை உடனே அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசுப் பணி நியமன ஆணைகளிலேயே நிபந்தனை இருக்கும். அதன்பிறகு எஸ்சி என்ற பெயரில் எதுவும் கேட்கக் கூடாது. கடிதம் கொடுத்ததும் தேதி முத்திரையோடு நகல் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

---

பத்திரம்_பார்ப்பவர்:

சொத்தும் கல்யாணமும் என் பக்கம்.

அப்பா உயில் எழுதாமல் இறந்தால் இந்தத் தம்பிக்குப் பங்கு உண்டா? உண்டு. "மதம் மாறினவனுக்குச் சல்லிக்காசு இல்லை" என்று பஞ்சாயத்தில் சொல்வார்கள், நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டாம். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மதம் மாறியவரைத் தகுதி நீக்கும் பிரிவு எதுவும் இல்லை. சட்டம் சொல்லாத காரணத்துக்காக யாரையும் நீக்கக் கூடாது என்று 28-ஆம் பிரிவு சொல்கிறது.

சிக்கல் அடுத்த தலைமுறைக்கு. 26-ஆம் பிரிவின்படி, மதம் மாறிய பிறகு அவருக்குப் பிறக்கும் பிள்ளைகள் தங்கள் இந்து உறவினரின் சொத்துக்கு வாரிசாக முடியாது, அந்த வாரிசுரிமை திறக்கும் நேரத்தில் அவர்கள் இந்துவாக இருந்தாலொழிய. தாத்தா இருக்கும்போதே இவர் இறந்துவிட்டார் என்று வையுங்கள். தாத்தாவின் சொத்து இவருடைய உடன்பிறந்த தம்பி வீட்டுக்குப் போகும், இவர் பிள்ளைகளுக்கு வராது. இதற்கு வழி, தாத்தா உயிரோடு இருக்கும்போதே உயிலோ செட்டில்மெண்டோ எழுதுவது. உயிலுக்கு முத்திரைத் தீர்வை இல்லை. குடும்பத்துக்குள் செட்டில்மெண்டுக்குத் தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. மனக்கசப்பில் இருக்கும் அப்பாவிடம் ஞானஸ்நானம் எடுத்த மறுவாரமே இதைக் கேட்காதீர்கள். கல்யாணமாகிப் பேரப்பிள்ளை மடியில் உட்காரும் காலத்தில் கேட்பது நடக்கிற காரியம்.

கூட்டுக் குடும்பச் சொத்து என்றால் இன்னொரு நுணுக்கம்: மதம் மாறியவர் அந்தக் கூட்டிலிருந்து பிரிந்தவராகிவிடுவார். பங்கு போகாது, ஆனால் மாறிய தேதியில் உள்ள பங்கோடு கணக்கு நிற்கும். ஊர்ப்பக்கம் இரண்டு ஏக்கர் பூர்வீக நிலம் மட்டும் என்றால் பெரிய வித்தியாசம் வராது.

கல்யாணம். பெண்ணும் கிறிஸ்தவர் என்றால் 1872 இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம். இங்கே கவனம்: தனிச் சபைப் போதகர் நடத்தினால், அந்தச் சட்டப்படி அரசு உரிமம் பெற்றவரா என்று பாருங்கள். உரிமம் இல்லாமல் நடந்ததைப் பதியப்போகும்போது திணறுவார்கள். பெண் இந்து என்றால் வழக்கமாக 1954 சிறப்புத் திருமணச் சட்டம், 30 நாள் அறிவிப்பு. இதைத் தவிர்க்க, கோயிலில் தாலி கட்டி இந்துத் திருமணச் சட்டத்தில் பதிந்துவிடலாம் என்று தரகர்கள் யோசனை சொல்வார்கள். இருவரும் இந்துவாக இருந்தால்தான் அந்தச் சட்டம் பொருந்தும், ஒருவர் கிறிஸ்தவர் என்றால் அப்படி நடந்த திருமணம் செல்லாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாதிக்கப்படுவது அந்தப் பெண்.

கலப்புத் திருமணச் சலுகையும் எதிர்பார்க்க வேண்டாம். பிசி சான்று வைத்திருந்த கிறிஸ்தவ ஆதிதிராவிடர் ஒருவர், அருந்ததியர் பெண்ணை மணந்து கலப்பு மணச் சான்று கேட்டார். மதம் மாறினால் சாதி மாறுவதில்லை, இருவரும் பிறப்பால் பட்டியல் சாதியே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் மறுத்தது. சலுகை கேட்டால் 'நீ எஸ்சி இல்லை', கலப்பு மணம் என்றால் 'நீ எஸ்சிதான்'. கரிசல் அண்ணன் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது.

இந்தத் தம்பிக்கு இல்லை, ஆனால் இழையைப் படிக்கும் மற்றவர்களுக்கு: கல்யாணமானவர் தனியாக மதம் மாறினால் துணைவருக்கு அதுவே விவாகரத்துக்கு ஒரு காரணம். இந்துச் சட்டத்தின் கீழ் மைனர் பிள்ளைகளின் இயற்கைப் பாதுகாவலர் உரிமையும் மாறியவரிடமிருந்து போகும். மனைவி மட்டும் மாறினால், அந்தச் சட்டப்படி பிரிந்து வாழ்ந்து ஜீவனாம்சம் கேட்கும் உரிமையும் அடிபடும். வகுப்பு எடுப்பவர்கள் பெண்களிடம் இதைச் சொல்லாமல் தண்ணீரில் இறக்குவது அநியாயம்.

---

கொடைக்கணக்கு:

சட்டத்தை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். ஊரில் இவருக்கு வரப்போகிற உண்மையான கஷ்டம் இரண்டு இடத்தில்: அப்பாவின் சாவு, கோயில் கொடை (ஊர்க் கோயில் திருவிழா).

கொடை வரி தலைக்கட்டுக்குத்தான், அதாவது குடும்பத்துக்கு ஒன்று. கல்யாணமாகாத மகன் தனித் தலைக்கட்டு இல்லை, அப்பா கட்டுவார். ஆக இப்போதைக்கு இவர் மேல் வரி கிடையாது. கல்யாணமாகித் தனி அடுப்பு வைத்ததும் பேர் ஏறும். அன்றைக்கு ஊர்க்கூட்டத்தில் முழிக்காமல், அதற்கு முன்பே நாட்டாமையை வீட்டில் போய்ப் பார்த்து, "பாதை, குளம், பள்ளிக்கூடம், சாவு வீட்டுச் செலவு எல்லாவற்றுக்கும் என் பங்கைக் குறையாமல் தருகிறேன், பூசைச் செலவில் மட்டும் சேர முடியாது" என்று சொல்லிவிட வேண்டும். பொதுக்காரியத்துக்கு ஒரு ரூபாய்கூட பாக்கி வைக்கக் கூடாது. வரி கட்டாதவர்களை ஊர் ஒதுக்குவது பெரும்பாலும் "காசை மிச்சம் பிடிக்க மதம் மாறினான்" என்ற பேச்சில்தான் ஆரம்பிக்கும். கணக்கிலிருந்து பேர் எடுத்துவிட்டால் ஊர்ப் பாத்திரம், பந்தல் சாமான், மேளம், துக்க வீட்டுக்கு ஆள் வருவது எல்லாம் சேர்ந்து போகும். அதையும் எதிர்பார்த்தே போக வேண்டும்.

அப்பா காரியம் இதைவிடக் கஷ்டம். மூத்த மகன், கொள்ளி இவர் கை. "எனக்குக் கொள்ளி வைக்க மாட்டியா?" என்ற கேள்விதான் அந்த வீட்டில் முதலில் வரும், சான்றிதழ் அதற்கப்புறம்தான். இதைப் பிணத்தைப் போட்டுக்கொண்டு பேசக் கூடாது. அப்பா நடமாட்டமாக இருக்கும்போதே, சித்தப்பா பெரியப்பாவில் ஒருவரை வைத்துக்கொண்டு, கொள்ளியும் 16-ஆம் நாள் கருமாதியும் இளைய மகன் செய்வான் என்று பேசி முடிக்க வேண்டும். இளையவர் செய்வது பல ஊர்களில் புதுசும் இல்லை.

எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது? பிணத்தைக் குளிப்பாட்டுவது, ராத்திரி முழுக்கக் கூட இருப்பது, பாடை தூக்குவது, சுடுகாடுவரை நடப்பது, சொந்தபந்தத்துக்குச் சாப்பாடு, இதெல்லாம் மகனுடைய கடமை. இதில் ஒன்றையும் விடக் கூடாது, செலவில் தம்பியைவிட ஒரு பங்கு அதிகமே தரலாம். பிண்டம் வைப்பது, படையல் போட்டுக் கும்பிடுவது, திதி கொடுப்பது, இவை இறந்தவருக்கு வழிபாடாகச் செய்பவை, அங்கே ஒதுங்கி நிற்க வேண்டும். நடுவில் மொட்டை அடிப்பது, நீர்மாலைக்குப் போவது, குடம் உடைப்பது, 16-ஆம் நாள் தாய்மாமன் உருமால் (தலைப்பாகை) கட்டுவது என்று சில இருக்கின்றன. இவற்றில் சபைக்குச் சபை கருத்து வேறு. உருமால் கட்டை என் கணக்கில் வீட்டுப் பொறுப்பு கைமாறும் சடங்காகப் பார்க்கலாம், வழிபாடு இல்லை. உங்கள் ஆயரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். அன்றைக்கு வந்து நிற்கும் விசுவாசிகள் ஆளுக்கொன்று சொன்னால் அந்தப் பிள்ளை நடுத்தெருவில் நிற்பான். முக்கியமாக, சபையார் கூட்டமாக வந்து துக்க வீட்டில் பாட்டுப் பாடி அடையாளம் காட்டாதீர்கள். அது அவன் தாயார் வீடு.

---

மறைக்கல்வி:

கொடைக்கணக்கு சொன்ன கடைசி வரிக்கு நன்றி. சபையின் பங்கைப் பற்றி நானும் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன்.

விசுவாசத்துக்காக விலை கொடுத்தவர் என்றால் நம் பக்கம் எல்லோரும் தேவசகாயத்தைச் சொல்வோம். நட்டாலத்தில் 1712-இல் பிறந்தவர், 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு, அரண்மனை உத்தியோகம் போய், 1752 ஜனவரி 14-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-இல் புனிதர் பட்டம். எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகியதும் அவர் மேல் இருந்த கோபத்துக்கு ஒரு காரணம். அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில்தான் சாதிகளைப் பிரிக்க ஆலயத்துக்குள்ளேயே சுவர் வைத்தோம், 1910-இல்தான் அது இடிந்தது. கல்லறைத் தோட்டத்தில் தனிப் பகுதி வைத்திருக்கும் பங்குகள் இன்றும் உண்டு. எஸ்சி அந்தஸ்தைத் துறந்து வருகிறவரை நம் கல்லறையிலேயே ஓரமாகப் படுக்க வைத்தால், அவர் கொடுத்த விலையை நாமே பிடுங்கிக்கொள்கிறோம்.

ஆகவே அந்தத் தம்பி சபையிடம் முதலில் கேட்க வேண்டியது: கல்லறையில் எனக்கு எந்த இடம்? ஆலயக் குழுத் தேர்தலில் எனக்கு ஓட்டு உண்டா, நிற்க முடியுமா? பெண் பார்க்கும்போது சபைக்குள் யார் வீட்டுக் கதவு எனக்குத் திறக்கும்? பதில் மழுப்பலாக இருந்தால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

பணம் விஷயத்தில் ஜாக்கிரதை. தேர்வுப் பயிற்சிக் கட்டணம், புத்தகம், ஆறு மாத அறை வாடகை என்று சபை உதவுவது நல்லதுதான், ஆனால் ஞானஸ்நானத்துக்கு முன் அவருக்கென்று தனியாக எதுவும் கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் 2002-இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004-இலேயே திரும்பப் பெறப்பட்டது, ஆட்சியருக்கு முன்னறிவிப்பு எதுவும் தேவையில்லை. இருந்தாலும் "பணம் கொடுத்து மாற்றினார்கள்" என்ற பேச்சு அவருடைய மனசாட்சியையே கேலியாக்கிவிடும். வேறு மாநிலத்தில் வேலை என்றால் அங்கே 'ஆசை காட்டுதல்' தண்டனைக்குரிய குற்றமாகவே இருக்கலாம். சபையில் எல்லா ஏழை மாணவருக்கும் பொதுவான கல்வி நிதி, ரசீது, தணிக்கை, மதம் கேட்காத விண்ணப்பம் என்று வைத்து அதிலிருந்து கொடுங்கள்.

---

குளத்தங்கரை:

எல்லோருக்கும் நன்றி. அவரிடம் இதை அப்படியே காட்டினேன். ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். குரூப் 4-க்கு எஸ்சி என்று விண்ணப்பித்து ஆயிற்று. தேர்வு முடிந்து சான்றிதழ் சரிபார்ப்புக்கு முன்னால் ஞானஸ்நானம் எடுத்தால் என்ன ஆகும்? முடிவு வரும்வரை தள்ளிப்போடுவது விசுவாசக் குறைவா?

---

தாலுகா_வாசல்:

தள்ளிப்போடுவதா வேண்டாமா என்பதை ஆயரும் அவரும் பேசட்டும். ஞானஸ்நான வகுப்பு எப்படியும் மாதக்கணக்கில் ஓடும், அதற்குள் தேர்வு முடிவு வந்துவிட்டால் பேச்சே இல்லை.

ஆனால் இடையில் எடுத்துவிட்டால், எஸ்சி சான்றோடு சரிபார்ப்புக்குப் போகக் கூடாது. அன்றைய தேதியில் அது பொய்யாகிவிடும். முதலில் இ-சேவையில் புதிய சாதிச் சான்று விண்ணப்பிக்க வேண்டும். ஞானஸ்நானச் சான்று, பழைய எஸ்சி சான்று, பெற்றோரின் சாதிச் சான்று, டிசி, ஆதார், ரேஷன் கார்டு, கட்டணம் 60 ரூபாய். எஸ்சி சான்று தாசில்தார் தருவது, பிசி சான்று துணை தாசில்தார் மட்டத்திலேயே முடியும். விஏஓ விசாரணையில் "ஏன் மாற்றுகிறாய், எஸ்சியாகவே இருந்துவிட்டுப் போயேன்" என்று அவரே நல்லெண்ணத்தில் சொல்வார், பொறுமையாகப் பதில் சொல்லட்டும். சான்றில் 'கிறித்தவ ஆதிதிராவிடர்' என்றும் 'பிற்படுத்தப்பட்டோர்' என்றும் இரண்டும் இருக்க வேண்டும். வெறுமனே 'கிறிஸ்தவர்' என்று வந்தால் திருப்பிக் கொடுத்துத் திருத்தி வாங்குங்கள், இல்லாவிட்டால் ஓசி (ஒதுக்கீடு இல்லாத பிரிவு) ஆக்கிவிடுவார்கள்.

சான்று கைக்கு வந்ததும் தேர்வாணையத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், நகல் வைத்துக்கொள்ள வேண்டும். எஸ்சி கட்-ஆஃபில் வந்து பிசி கட்-ஆஃபில் வராவிட்டால் இந்த முறை வேலை போகும். அடுத்த அறிவிப்புக்கு பிசி மதிப்பெண்ணைக் குறிவைத்துப் படிக்கச் சொல்லுங்கள். போன மூன்று குரூப் 4 முடிவுகளில் பிசி பொதுவுக்கும் எஸ்சி பொதுவுக்கும் இடையே எத்தனை கேள்வி வித்தியாசம் என்று இன்றைக்கே எடுத்துப் பார்க்கட்டும். ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண்.